வேகத்தைக் கூட்டினால் மின்னல் நீளுமா?

டெஸ்லா காயில் என்று யூடியூபில் தேடிப் பாருங்கள். ஆள் உயரத்திற்கும் அதற்கு மேலும் மின்னல் பாயும் வீடியோக்கள் வரிசையாக வந்து நிற்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இண்டர்நெட் இணைப்பும் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே இவற்றைப் பார்த்து விடுகிறார்கள். பார்த்தவர்களில் சிலருக்கு நாமும் ஒன்று செய்தால் என்ன என்ற ஆசை வருகிறது. ஆசை வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான். "அந்தச் சுழலும் தட்டை எத்தனை ஆர்.பி.எம். வேகத்தில் சுற்ற வேண்டும்?"

நீங்கள் நினைப்பதைவிட மெதுவாக என்பது என் பதில். கேட்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது. வேகம் கூடினால் மின்னல் நீளும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, ஆபத்தும் கூட என்பது என் கருத்து. இதைச் சரி பார்க்க உங்கள் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரே போதும். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் அந்தத் தட்டு எதற்கு என்று தெரிந்து கொள்ளுங்கள். நிகோலா டெஸ்லா இந்தக் காயிலை 1891ஆம் ஆண்டில் உருவாக்கினார். அமைப்பு எளிமையானது. ஒரு உயர் மின்னழுத்த டிரான்ஸ்பார்மர் ஒரு கெபாசிட்டரில் மின்சாரத்தை நிரப்புகிறது. நிரம்பியதும் ஒரு சுவிட்ச் மூடிக் கொள்கிறது. கெபாசிட்டரில் இருந்த மொத்தமும் சில சுற்றுகள் மட்டுமே கொண்ட முதல் காயிலில் பாய்ந்து, விநாடிக்கு லட்சம் முறை என்ற அளவில் முன்னும் பின்னும் அலைகிறது. அருகில் நூற்றுக்கணக்கான சுற்றுகளுடன் நிற்கும் இரண்டாவது காயிலும் அதே அலைவரிசைக்கு ட்யூன் செய்யப்பட்டிருப்பதால் ஆற்றல் அதற்குத் தாவுகிறது. அதன் உச்சியில் இருந்து மின்னல் கிளம்புகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிக் கொண்டே இருந்தால் உயரம் ஏறுகிறது அல்லவா, அதே கதைதான்.

இதில் சுவிட்சாக வேலை செய்வதுதான் ஸ்பார்க் கேப். இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே கொஞ்சம் காற்று. மின்னழுத்தம் போதுமான அளவு ஏறியதும் காற்று உடைந்து தீப்பொறி தாண்டும். தாண்டும் வரை அது திறந்த சுவிட்ச், தாண்டிய பின் மூடிய சுவிட்ச். சிறிய காயிலுக்கு இது போதும். பவர் கூடும்போது முனைகள் சூடேறி, பொறி அணையாமல் தொடர்ந்து எரிய ஆரம்பிக்கும். அப்படி எரிந்தால் கெபாசிட்டர் மறுபடி நிரம்பாது. அதற்காகத்தான் முனைகளை ஒரு தட்டில் பொருத்திச் சுற்றி விடுகிறார்கள். நிலையாக நிற்கும் முனைகளை ஒட்டி, சுழலும் முனை வரும்போது பொறி தாண்டும். விலகிப் போனதும் இடைவெளி அதிகமாகி அணையும். இதற்கு ரோட்டரி ஸ்பார்க் கேப் என்று பெயர். இது புதிய சங்கதி அல்ல. 1912ல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் 5 கிலோவாட் வயர்லெஸ் கருவியில் இருந்ததும் சுழலும் ஸ்பார்க் கேப்தான்.

கம்ப்யூட்டர் மொழியில் சொன்னால் இது ஒரு கிளாக். பிராசசரின் கிளாக் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு வேலையைத் தொடங்கி வைக்கிறது. இந்தத் தட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு கெபாசிட்டர் அளவு மின்சாரத்தைக் கொட்டுகிறது. விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதை பி.பி.எஸ். என்று குறிப்பிடுகிறார்கள்.

கிளாக் என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. பென்டியம் 4 காலத்தில் கிகாஹெர்ட்ஸ் எண்தான் எல்லாம். கடைக்குப் போனவர்கள் 2.4ஆ, 3.0ஆ என்று கேட்டுத்தான் வாங்கினார்கள். 2004ல் இன்டெல் 3.8 கிகாஹெர்ட்ஸ் வரை வந்தது. 4 கிகாஹெர்ட்ஸ் மாடலை அறிவித்துவிட்டு அதே ஆண்டில் கைவிட்டது. சூடு தாங்கவில்லை. 2006ல் வந்த கோர் 2 டியோ, 1.86, 2.4 என்ற குறைந்த எண்களுடன் வந்து பழைய 3.6ஐயும் 3.8ஐயும் ஓரம் கட்டியது. ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை நடக்கிறது என்பதுதான் கணக்கு என்று அப்போது எல்லோருக்கும் புரிந்தது. டெஸ்லா காயில் செய்யக் கிளம்புபவர்களில் பாதிப் பேர் இன்னும் 2004லேயே நின்று கொண்டு ஆர்.பி.எம். எண்ணை எண்ணிக் கொண்டிருக்கிறார்கள்.

சரி, கணக்கிற்கு வருவோம். எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், எது இருந்தாலும் திறந்து கொள்ளுங்கள்.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் அதிகமாகப் பயன்படுத்துவது நியான் விளம்பரப் பலகையின் பழைய இரும்புக்கோர் டிரான்ஸ்பார்மர். 15,000 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் என்ற அளவு மிகவும் பிரபலம். இரண்டையும் பெருக்கினால் 900 வோல்ட் ஆம்பியர். இதற்கு 30 நானோ பாரட் கெபாசிட்டர் வைக்கிறோம் என்று வைத்துக் கொள்வோம். 15,000 வோல்ட் மாறு மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 21,000 வோல்ட். கெபாசிட்டரில் சேரும் ஆற்றல், கெபாசிட்டர் அளவை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்தது. நம் கணக்கில் அது சுமார் 6.6 ஜூல். விநாடிக்கு 100 துடிப்பு என்றால் 660 வாட். 900 வோல்ட் ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் தரக்கூடிய அளவுக்குள் இது அடங்குகிறது.

இப்போது துடிப்பை 400 ஆக மாற்றுங்கள். கணக்குத் தாள் உடனே 2,640 வாட் என்று காட்டும். காட்டியதைப் பார்த்து மகிழ்ந்து விடாதீர்கள். நியான் டிரான்ஸ்பார்மர் 60 மில்லி ஆம்பியருக்கு மேல் தராதபடியே கட்டப்பட்டது. தட்டை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அது தரும் பவர் அதேதான். ஆகவே அதே 660 வாட் இப்போது 400 பங்காகப் பிரிகிறது. ஒரு துடிப்புக்கு 1.65 ஜூல். அதே 30 நானோ பாரட் கெபாசிட்டரில் அது எத்தனை வோல்ட் என்று திருப்பிக் கணக்கிட்டால் சுமார் 10,500 வருகிறது. 21,000 இருந்த இடத்தில் பாதி! தட்டு நான்கு மடங்கு துடிக்கிறது, சத்தம் காதைப் பிளக்கிறது, ஆனால் ஒவ்வொரு துடிப்பும் நோஞ்சானாகிவிட்டது.

கெபாசிட்டரைச் சிறியதாக்கினால் மின்னழுத்தம் ஏறிவிடுமே என்று சிலர் கேட்கலாம். ஏறும். ஆனால் நியான் டிரான்ஸ்பார்மருக்கு 50 ஹெர்ட்ஸில் சுமார் 12.7 நானோ பாரட் என்பது ஒத்ததிர்வு அளவு. அந்த அளவை ஒட்டிப் போகும்போது, தட்டு சரியான நேரத்தில் சுடத் தவறினால், மின்னழுத்தம் டிரான்ஸ்பார்மரின் தாங்கும் திறனைத் தாண்டி ஏறி அதன் உள் சுற்றுகளை எரித்துவிடும். இஷ்டப்பட்ட வேகத்தில் சுற்றும் தட்டை நியான் டிரான்ஸ்பார்மருடன் சேர்க்காதே என்று இத்துறையில் பழகியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

மின்னலின் நீளத்திற்கும் ஒரு அனுபவச் சூத்திரம் உண்டு. வாட் எண்ணின் வர்க்கமூலத்தை 1.7ஆல் பெருக்கினால் நன்றாக ட்யூன் செய்த காயிலின் மின்னல் நீளம் அங்குலத்தில் கிடைக்கும். 660 வாட்டுக்கு சுமார் 44 அங்குலம். இந்தச் சூத்திரத்தில் ஆர்.பி.எம். என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நீளத்தை இரட்டிப்பாக்க பவர் நான்கு மடங்கு வேண்டும். ஒரே பவரில் துடிப்பு குறைவாகவும் ஒவ்வொரு துடிப்பும் கனமாகவும் இருக்கும் காயில்தான் வாட்டுக்கு அதிக நீளம் தருகிறது என்பது பலர் செய்து பார்த்துக் கண்டது.

அப்படியானால் சரியான வேகம் எது? நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 100 உச்சங்கள். ஒவ்வொரு உச்சத்துக்கும் ஒரு பொறி என்றால் 100 துடிப்பு. தட்டில் 90 டிகிரி இடைவெளியில் 4 முனைகள், மோட்டார் 1,500 ஆர்.பி.எம். நிமிடத்திற்கு 1,500 என்றால் விநாடிக்கு 25 சுற்று. 25ஐ 4ஆல் பெருக்கினால் 100. அவ்வளவுதான். அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ் என்பதால் 1,800 ஆர்.பி.எம்., 120 துடிப்பு. அங்கே உள்ளவர்கள் தரும் வரைபடங்களை அப்படியே காப்பி அடிப்பவர்கள் இந்த ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள்.

இதில் மோட்டார் முக்கியம். சாதாரண நான்கு துருவ இண்டக்ஷன் மோட்டார் 1,500ஐத் தொடாமல் கொஞ்சம் பின்தங்கியே ஓடும். அப்படி ஓடினால் பொறி ஒரு சமயம் உச்சத்திலும் மறு சமயம் பள்ளத்திலும் விழும். மின்சார அலையோடு பூட்டிக் கொண்டு ஓடும் சிங்க்ரனஸ் மோட்டார் வேண்டும். சாதாரண மோட்டாரின் ரோட்டரில் நான்கு பக்கமும் தட்டையாகச் செதுக்கி அதைச் சிங்க்ரனஸாக மாற்றிக் கொள்வதும் உண்டு. அதன் பிறகு மோட்டாரின் உடலைச் சில டிகிரி திருப்பி, கெபாசிட்டரின் மின்னழுத்தம் உச்சத்தை ஒட்டி வரும் நேரத்தில் பொறி விழும்படி அமைக்கிறார்கள். நான்கு துருவ மோட்டாரில் உடலை 10 டிகிரி திருப்பினால் மின்சார அலையில் 20 டிகிரி நகரும். நேரத்தில் அது 1.1 மில்லி விநாடி. இந்தத் திருப்பல் ஒன்றே மின்னலின் நீளத்தை எவ்வளவோ மாற்றும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு ஸ்பேனர் போதும்.

வேகத்தை விரும்புபவர்கள் கடைசியாக ஒரு வாதம் வைப்பார்கள். வேகமாகச் சுற்றினால் பொறி சீக்கிரம் அணையும், ஆற்றல் இரண்டாவது காயிலில் இருந்து திரும்பி வராது என்று. வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. 25 செ.மீ. விட்டமுள்ள தட்டு 1,500 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றினால் விளிம்பு விநாடிக்கு சுமார் 19.6 மீட்டர் நகர்கிறது. சுழலும் முனை 6 மி.மீ. தடிமன், நிலையான முனை 6 மி.மீ. தடிமன் என்றால் இரண்டும் எதிரெதிரே இருக்கும் நேரம் சுமார் 610 மைக்ரோ விநாடி. 100 கிலோ ஹெர்ட்ஸ் காயிலில் ஆற்றல் முழுவதும் இரண்டாவது காயிலுக்குத் தாவ எடுக்கும் நேரமோ சுமார் 33 மைக்ரோ விநாடி. 610 எங்கே, 33 எங்கே? வேகத்தை இரண்டு மடங்காக்கினாலும் 305தான் வரும். தட்டு மட்டும் நகர்ந்து பொறியை வெட்டுவதில்லை. மின்னோட்டம் தாழும் நொடியில் காற்றும் குளிர்ச்சியும் சேர்ந்துதான் அணைக்கின்றன.

அதே 305 மைக்ரோ விநாடியை வேகத்தைத் தொடாமலே பெறலாம் என்பதையும் பாருங்கள். 6 மி.மீ. முனைக்குப் பதில் 3 மி.மீ. டங்ஸ்டன் முனை வைத்தால் போதும். டிக் வெல்டிங் பொருட்கள் விற்கும் கடையில் கிடைக்கும். சிவப்பு நிற முனை உள்ள தோரியம் கலந்த ரகத்தை மட்டும் தவிர்த்து விடுங்கள். அதில் சிறிது கதிரியக்கம் உண்டு. சாணை பிடிக்கும்போது பறக்கும் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. பச்சை நிற முனை சுத்தமான டங்ஸ்டன்.

வேகத்தால் லாபம் இல்லை என்பதோடு போனால் பரவாயில்லை. வேகத்தின் உண்மையான விலை வேறு இடத்தில் இருக்கிறது.

என் சித்தி மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற கோடை விடுமுறையில் ஒரு பென் டிரைவோடு வந்தான். அதில் அவன் வரைந்த ரோட்டரி ஸ்பார்க் கேப் டிசைன். 20 செ.மீ. அக்ரிலிக் தட்டு, எட்டு ஸ்டீல் போல்ட், சுற்றுவதற்கு வீட்டில் கிடந்த பழைய மிக்ஸி மோட்டார்.

"மிக்ஸி மோட்டார் எதுக்குடா?" என்று கேட்டேன்.

"18,000 ஆர்.பி.எம். வருது அண்ணா. சும்மா கிடக்கு. ரெகுலேட்டர் வெச்சு பாதி ஸ்பீடுல ஓட்டிக்கலாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குத் தாளைத் திறந்து அவனையே டைப் செய்யச் சொன்னேன். முதல் செல்லில் போல்டின் எடை, 10 கிராம். இரண்டாவதில் மையத்தில் இருந்து தூரம், 10 செ.மீ. மூன்றாவதில் ஆர்.பி.எம். நான்காவதில் சூத்திரம். கோண வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தாலும் எடையாலும் பெருக்கினால் போல்டை வெளியே இழுக்கும் விசை கிடைக்கும். 1,500 போட்டான். இரண்டரைக் கிலோ எடை தொங்குவது போன்ற விசை. 9,000 போட்டான். 90 கிலோ. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு 18,000 போட்டான். 360 கிலோ. ஒரு போல்டுக்கு! அக்ரிலிக்கில் துளை போட்ட இடத்தில் நகக்கண் அளவு விரிசல் இருந்தால் போதும்.

"விளிம்பு எவ்வளவு ஸ்பீடு அண்ணா?" என்று அவனே கேட்டு, அவனே அடுத்த செல்லில் போட்டான். பாதி வேகமான 9,000லேயே மணிக்கு சுமார் 340 கி.மீ. மொட்டை மாடியில் வைத்து ஓட்டத் திட்டம் போட்டிருந்தான். சித்தி அங்கேதான் வடாம் காய வைப்பார்.

இது கற்பனைப் பயம் அல்ல. பழைய 52 எக்ஸ் சிடி டிரைவ்கள் நினைவிருக்கிறதா? அவை சிடியைச் சுமார் 10,000 ஆர்.பி.எம். வரை சுற்றின. லேசான விரிசல் உள்ள சிடி சில சமயம் உள்ளேயே வெடித்துச் சிதறி டிரைவையும் கெடுத்தது. அது 15 கிராம் பிளாஸ்டிக், சுற்றிலும் இரும்புப் பெட்டி. இங்கே நாம் பேசுவது உலோக முனைகள் பொருத்திய, துளைகள் போட்ட, பக்கத்தில் தீப்பொறி எரியும் தட்டைப் பற்றி.

தட்டுக்கு அக்ரிலிக் வேண்டாம். பாலிகார்பனேட்டும் சூட்டில் இளகும். பழகியவர்கள் தேர்ந்தெடுப்பது ஜி-10 எனப்படும் கண்ணாடி இழை எபாக்ஸித் தகடு, 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிமன். இது உங்களுக்குத் தெரியாத பொருள் அல்ல. உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டு செய்யப்பட்டிருக்கும் எஃப்ஆர்-4 தகடு இதன் நெருங்கிய உறவு. எதிரெதிர் முனைகளை உலோகப் பட்டையால் இணைத்து, எல்லா முனைகளின் எடையும் சமமாக இருக்கிறதா என்று தராசில் பார்த்துப் பொருத்த வேண்டும். 25 செ.மீ. தட்டின் விளிம்பில் 1 கிராம் வித்தியாசம் இருந்தால் 1,500 வேகத்தில் அது 300 கிராம் எடையாக மோட்டாரின் அச்சை விநாடிக்கு 25 முறை உலுக்கும். வேகம் 3,000 என்றால் 1.2 கிலோவாக, 50 முறை. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. டிசைன் செய்பவர்கள் இந்த ஒரு வரியை மானிட்டரில் ஒட்டி வைத்துக் கொள்ளலாம். கடைசியாக, தட்டைச் சுற்றிக் கனமான மரப் பெட்டியோ தடித்த பாலிகார்பனேட் கூடோ இல்லாமல் மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கக் கூடாது. கூடு இருந்தாலும் தட்டு சுழலும் தளத்திற்கு நேராக நிற்கக் கூடாது.

வேகமான தட்டுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. அமெரிக்காவில் மின்கம்பத்து டிரான்ஸ்பார்மரைப் பழைய விலைக்கு வாங்கி, 240 வோல்ட்டைக் கொடுத்து 14,400 வோல்ட் எடுத்து, 10 கிலோவாட் அளவில் காயில் செய்கிறார்கள். அதற்கு நியான் டிரான்ஸ்பார்மர் போல உள் கட்டுப்பாடு கிடையாது. கேட்கக் கேட்கக் கொடுக்கும். வெளியே தனியாக ஒரு பல்லாஸ்ட் வைத்துத்தான் அதைக் கட்டுப்படுத்த வேண்டும். அங்கே விநாடிக்கு 300, 400 துடிப்பு என்பது அர்த்தமுள்ள எண். அதற்கும் மேலே நியூசிலாந்தில் ஒரு பண்ணையில் 1998ல் நிறுவப்பட்ட எலக்ட்ரம் என்ற காயில் 130 கிலோவாட் எடுக்கக் கூடியது. இவையெல்லாம் உலோகப் பட்டறையும் உயர் மின்னழுத்த அனுபவமும் உள்ளவர்களின் வேலை. நம் ஊரில் மின்கம்பத்தில் இருப்பது மின்வாரியத்தின் சொத்து. அந்தப் பக்கம் பேச்சே வேண்டாம்.

இப்போதெல்லாம் ஸ்பார்க் கேப் எதற்கு, ஐ.ஜி.பி.டி. டிரான்சிஸ்டரும் மைக்ரோ கண்ட்ரோலரும் வைத்துச் சத்தமில்லாமல் செய்யலாமே என்று என் அலுவலக நண்பர்கள் கேட்கிறார்கள். செய்யலாம். பாட்டுப் பாடும் டெஸ்லா காயில்கள் அப்படிச் செய்தவைதான். ஆனால் டிரான்சிஸ்டர் சுவிட்ச் எப்படித் திறந்து மூடுகிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. சுழலும் தட்டில் ஒவ்வொரு எண்ணும் கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருக்கிறது. கணக்குக் கற்றுக் கொள்ள அது நல்ல பாடம் என்பதால் எனக்கு அதன் மேல் ஒரு தனிப் பிரியம்.

அந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டரிலேயே படிக்க நல்ல வசதிகள் இருக்கின்றன. ஜாவாடிசி என்ற இலவச புரோகிராம் பிரவுசரிலேயே ஓடும். காயிலின் அளவுகளைக் கொடுத்தால் அலைவரிசை, கெபாசிட்டர் அளவு எல்லாம் கணக்கிட்டுத் தரும். ரோட்டரி கேப்புக்குத் தனிப் பகுதியும் உண்டு. தட்டின் விட்டம், முனைகளின் எண்ணிக்கை, ஆர்.பி.எம். கொடுத்துப் பாருங்கள். அனலாக் டிவைசஸ் நிறுவனம் இலவசமாகத் தரும் எல்டிஸ்பைஸில் முழுச் சர்க்யூட்டையும் வரைந்து, கெபாசிட்டரின் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைத் திரையில் பார்க்கலாம். நம் 30 நானோ பாரட், 100 கிலோ ஹெர்ட்ஸ் கணக்கில் முதல் காயிலின் மின்னோட்டம் ஒரு கணம் 400 ஆம்பியர் வரை போவதைப் பார்த்தால் உங்களுக்கே ஒரு மரியாதை வரும். தவறான எண் கொடுத்தால் திரையில் கோடு கோணலாகும். அவ்வளவுதான் நஷ்டம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு என் யோசனை இதுதான். டிசைனைத் திரையில் முடியுங்கள். அதோடு நிறுத்திக் கொள்ளுங்கள். உண்மையாகக் கட்டுவது என்றால் கல்லூரி ஆய்வகத்தில், உயர் மின்னழுத்தம் தெரிந்த ஆசிரியர் அருகில் நிற்க, கட்டுங்கள். 60 மில்லி ஆம்பியர் தானே என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதயத்தை நிறுத்த அது தாராளம். டிரான்ஸ்பார்மரை அணைத்த பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எங்கள் கல்லூரியில் நாலைந்து பேர் சேர்ந்து, தட்டு சுழலாத எளிய கேப் வைத்துச் சிறிய காயில் ஒன்று செய்தோம். ஆய்வக உதவியாளர் ஒருவர் நீண்ட மரக்கட்டையின் நுனியில் எர்த் ஒயர் கட்டி வைத்திருப்பார். ஒவ்வொரு முறை அணைத்ததும் அவர் அந்தக் கட்டையால் கெபாசிட்டரைத் தொட்டு, "சரி" என்று சொன்ன பிறகுதான் நாங்கள் பக்கத்தில் போகலாம். இரண்டு மாதத்தில் ஒரு நாள் கூட அவர் அதை விட்டதில்லை. அந்த "சரி"யைச் சொல்ல எந்தச் சாப்ட்வேராலும் முடியாது.

காயில் ஓடும் இடத்திற்குக் கம்ப்யூட்டரைக் கொண்டு போகவும் வேண்டாம். ஸ்பார்க் கேப் என்பது அடிப்படையில் ஒரு பழைய ரேடியோ டிரான்ஸ்மிட்டர். எல்லா அலைவரிசையிலும் கத்தும். யு.எஸ்.பி. கீபோர்டும் மவுஸும் உறைந்து போகும். காயிலின் எர்த்தை வீட்டு எர்த்தோடு சேர்த்தால் மின்னலின் ஒரு பங்கு அந்த வழியாக உங்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் பிராட்பேண்ட் மோடத்துக்கும் வந்து சேரும். அதற்குத் தனியாக மண்ணில் அடித்த எர்த் கம்பி வேண்டும்.

சித்தி மகன் மிக்ஸி மோட்டாரைத் திரும்பப் பரணில் போட்டுவிட்டான். அவனுடைய கணக்குத் தாள் இப்போது 14 வரிசைக்கு வளர்ந்திருக்கிறது. போன வாரம் முனையின் தடிமனை 3 மி.மீ.இல் இருந்து 2.4 மி.மீ.க்குக் குறைத்துப் பார்த்து, 245 மைக்ரோ விநாடி வருகிறது, ஆனால் சூடு தாங்குமா என்று கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறான்.